விலங்கு சாகும் பக்கத்தை முதலில் படியுங்கள்: பிள்ளைகளுக்கு வேட்டைப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் விதம்

பத்து வயது தாண்டிய பிள்ளைக்கு வேட்டைக் கதைப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். அட்டைப் படத்தைப் பார்க்காதீர்கள். பின்னட்டைப் புகழுரையையும் விட்டுவிடுங்கள். புத்தகத்தில் விலங்கு சாகும் இடத்தைத் தேடி, அந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் கடையில் நின்றபடியே படித்துவிடுங்கள்.

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி போகும் வழியில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். திரும்பி வரும் புத்தகத்தைப் புரட்டினாலே பிள்ளை எங்கே ஊன்றிப் படித்தது என்று தெரிந்துவிடும். வேட்டைப் புத்தகங்களில் துப்பாக்கி வெடிக்கும் பக்கம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அதற்கு முந்தைய பக்கங்கள்தாம் மூலை மடங்கி, விரல் பட்டுக் கறுத்துப் போயிருக்கும். கால்தடம் பார்ப்பது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கவனிப்பது, மரக்கிளையில் மரத்துப்போன காலோடு உட்கார்ந்திருப்பது என்று வேட்டையில் பெரும் பங்கு காத்திருப்புதான். பிள்ளைகள் அதைத்தான் விரும்பிப் படிக்கிறார்கள். சுடுவதை மட்டும் அடுக்கிக்கொண்டே போகும் புத்தகத்தை மூன்றாம் அத்தியாயத்தில் மூடிவிடுவார்கள்.

அப்படியானால் சாகும் பக்கத்தை ஏன் பார்க்கச் சொல்கிறேன்? எழுதியவர் எப்படிப்பட்ட ஆள் என்று அங்கேதான் தெரியும். விலங்கு விழுந்ததும் நீளத்தை அளந்து, மேலே காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புகிறவர் ஒரு வகை. குனிந்து அதன் வாயைத் திறந்து பார்க்கிறவர் இன்னொரு வகை. இமயமலையின் குமாயுன் பகுதியில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் இரண்டாம் வகை. 1907-இல் அவர் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அது விழுந்த பிறகு அவர் பற்களைப் பார்க்கிறார். வலப்பக்கக் கோரைப் பற்களில் மேல்பல் பாதி உடைந்திருக்கிறது, கீழ்ப்பல் எலும்பு வரை போயிருக்கிறது. எப்போதோ யாரோ சுட்ட குண்டினால் வந்த காயம். தன் வழக்கமான இரையைக் கொல்ல முடியாமல் போனதால்தான் அது மனிதர்களிடம் வந்தது என்று அங்கே நமக்குப் புரிகிறது. முக்தேசர் பெண்புலிக்கு முள்ளம்பன்றியோடு சண்டை போட்டதில் ஒரு கண் போயிற்று, காலில் ஏறக்குறைய ஐம்பது முட்கள் ஏறின. இதைப் படிக்கும் பிள்ளை, ‘கெட்ட புலி’ என்று சொல்வதை அன்றோடு நிறுத்திவிடும். மோகன் என்ற ஊரின் ஆட்கொல்லியைத் தூங்கிக்கொண்டிருக்கும்போது சுட்டதாக அவரே எழுதுகிறார். எழுதிவிட்டு, அது தகுமா என்று சங்கடப்பட்டுக் காரணமும் சொல்லிக்கொள்கிறார். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இந்தச் சங்கடம் இருக்கிற புத்தகத்தைப் பிள்ளை கையில் தைரியமாகக் கொடுக்கலாம்.

கார்பெட்டின் ‘குமாயுன் புலிகள்’ 1944-இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் தி.ஜ.ர. மொழிபெயர்த்திருக்கிறார். எல்லாக் கதைகளையும் வரிசையாகப் படிக்க வைக்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று படித்துக் காட்டத்தான் நேரம் இருக்கிறது என்றால் சௌகட் புலிகளின் கதையின் கடைசிப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். கார்பெட்டுக்குப் பறவை முட்டைகளில் ஆசை. வழியில் பக்கிக் குருவியின் முட்டைகள் இரண்டைக் கண்டு, உடையாமல் இடக்கையில் ஏந்திக்கொண்டு ஓர் ஓடைப் பள்ளத்தில் இறங்குகிறார். பாறை ஒன்றைக் கடந்து தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தால், சில அடி தூரத்தில் பெண்புலி படுத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சட்டென்று திரும்பினால் பாய்ந்துவிடும். முட்டைகளைக் கீழே போடவும் முடியாது. வலக்கை ஒன்றினாலேயே துப்பாக்கியை அங்குலம் அங்குலமாகச் சுற்றிக் கொண்டு வருகிறார். கை வலியெடுக்கிறது, துப்பாக்கி இன்னும் புலியின் நேருக்கு வரவில்லை. இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பேன். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் மூச்சுச் சத்தம் கேட்காது. ‘அக்கா, படிங்க அக்கா’ என்று யாராவது ஒருவர் கெஞ்சும் வரை துடைத்துக்கொண்டே இருப்பேன். புலி செத்த பிறகு மனிதர் என்ன செய்கிறார் தெரியுமா? அந்த இரண்டு முட்டைகளையும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்கிறார். அரை மணி நேரம் கழித்து அந்த வழியாக வரும்போது தாய்ப்பறவை அடைகாத்துக்கொண்டிருக்கிறது. துப்பாக்கிக் குண்டை மறந்துவிட்ட பிள்ளைகளுக்குக்கூட இந்த முட்டைகள் நினைவிருக்கும்.

அடுத்து, பிள்ளைக்கு ஏற்கெனவே எதன்மேல் பிரியம் என்று பாருங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேட்டை புதிதல்ல. வளரி எறிந்து முயல் அடித்த பழங்கதையைத் தாத்தாக்கள் வாய் ஓயாமல் சொல்வார்கள். மாசியில் பல ஊர்களில் பாரிவேட்டைச் சடங்கு உண்டு. அந்தக் கதை கேட்டு வளர்ந்த காதுக்கு ஏற்ற வாசலைத் திறந்துவிட்டால் போதும். வீட்டில் சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ வளர்க்கிற பிள்ளையிடம் முதலில் புலியைக் கொண்டுபோகாதீர்கள், நாயைக் கொண்டுபோங்கள். ‘குமாயுன் புலிகள்’ தொகுப்பிலேயே ராபின் என்ற நாயைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. சின்னதுதான், ஒரே மூச்சில் முடிந்துவிடும். அது பிடித்துவிட்டால் ஜாக் லண்டனின் ‘கானகத்தின் குரல்’. 1903-இல் வந்த நாவல், தமிழில் பெ. தூரன். கலிஃபோர்னியாவில் வசதியாக வளர்ந்த பக் என்ற நாயைத் திருடி விற்று, தங்கம் தேடிப் போகிறவர்களின் பனிச்சறுக்கு வண்டியை இழுக்க வைக்கிறார்கள். வேட்டைப் புத்தகம் என்று கறாராகச் சொல்ல முடியாது. ஆனால் வேட்டையாடும் விலங்கின் பக்கம் நின்று எழுதியது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். அதனால் முதல் இரண்டு அத்தியாயங்களுக்கு நீங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது. அதற்குப் பிறகு நாயே இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஆடு மாடு உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குக் கார்பெட் எழுதிய ருத்ரபிரயாகைச் சிறுத்தையின் கதை நன்றாகப் பிடிக்கும். 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்ற சிறுத்தை அது. கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை போகிறவர்கள் நடக்கும் பாதையில் அதன் ஆட்சி. சிறியவர்களுக்கு அப்படியே கொடுத்துவிட வேண்டாம் என்று நான் தயங்குகிற புத்தகமும் இதுதான். தொடக்கத்திலேயே நாற்பது ஆடுகளோடு ஓர் அறையில் படுத்திருந்த அனாதைச் சிறுவனைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போகிறது. ஆடுகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வந்த காட்சியைப் படித்த பிள்ளை அன்றிரவு தாழ்ப்பாளை எத்தனை முறை சரிபார்க்கும் என்று பெற்றோர் வந்து என்னிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள். பதின்மூன்று வயதுக்கு மேல் கொடுங்கள். பகலில் படிக்கட்டும்.

எட்டு, ஒன்பது வயதுக்காரர்களுக்குக் கிப்ளிங். மௌக்லி எல்லாருக்கும் சினிமாவில் தெரிந்தவன் என்பதால் ‘எனக்குத் தெரியும்’ என்று தள்ளிவிடுவார்கள். அவன் வரும் அதே 1894-ஆம் வருடத்து ‘ஜங்கிள் புக்’கில் ரிக்கி-டிக்கி-டாவி என்ற கீரியின் கதை இருக்கிறது. கீரியையும் நாகத்தையும் வயல் வரப்பில் பார்த்திருக்கும் பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டாம். படிக்கவே அடம்பிடிக்கிறதா? சிவகாசி காமிக்ஸ் வாங்கிக் கொடுங்கள். 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸும், பிறகு வந்த லயன் காமிக்ஸும் தென் மாவட்டங்களில் இரண்டு தலைமுறைக்கு வாசிப்புப் பழக்கம் ஊட்டியவை. இரும்புக்கை மாயாவியில் தொடங்கி நூலகத்து அலமாரி முழுவதையும் படித்து முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காமிக்ஸைக் கண்டு முகம் சுளிக்கிற வாத்தியார்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போனதில்லை.

வாய்ச்சண்டை போடுகிற, எதையும் நம்பாத பிள்ளை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அதற்கென்றே ஒரு புத்தகம் உண்டு: அந்தச் சிங்கங்களைச் சுட்ட பொறியாளர் பேட்டர்சன் 1907-இல் எழுதிய சாவோ சிங்கங்களின் கதை. 1898-இல் இன்றைய கென்யாவில் ரயில் பாதைக்காகச் சாவோ ஆற்றின்மேல் பாலம் கட்டும்போது, இரண்டு ஆண் சிங்கங்கள் கூடாரங்களுக்குள் புகுந்து வேலையாட்களை இழுத்துக்கொண்டு போயின. செத்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து கூட்டிப் போகப்பட்ட தொழிலாளிகள். மொத்தம் 135 பேர் என்று பேட்டர்சன் பின்னாளில் சொன்னார். அந்தச் சிங்கங்களின் தோலைத் தரைவிரிப்பாக வைத்திருந்து 1924-இல் சிகாகோ அருங்காட்சியகத்துக்கு விற்றார். இன்றும் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் விஞ்ஞானிகள் அவற்றின் எலும்பையும் முடியையும் ஆராய்ந்து, தின்றது ஏறக்குறைய 35 பேராக இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். புத்தகத்தை முடித்த பிறகு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள், முன்னால் சொல்லாதீர்கள். வேட்டைக்காரர் வாயில் எண்ணிக்கை எப்படி வளரும் என்று பிள்ளை தானாகவே பேசத் தொடங்கும். கண்மாயில் மீன் பிடித்துவிட்டு வந்த சித்தப்பா கையை விரித்துக் காட்டும் அளவும் அப்போது விசாரணைக்கு வரும்.

நம் ஊர்ப் பெயர்களோடு வேட்டைக் கதை வேண்டும் என்றால் கென்னத் ஆண்டர்சன். பெங்களூரில் வாழ்ந்தவர். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சேகூர் என்று அவர் நடக்கும் காடுகள் பாதிக்கு மேல் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியவை. பைரா என்ற பூசாரி இனத்து வேட்டைக்காரர் அவருடைய கூட்டாளி. சொல்லப்போனால் அவருக்குக் காட்டைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். முதல் தொகுப்பு 1954-இல் வந்தது. நான் அவரை ஆங்கிலத்தில்தான் படித்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் எட்டும். தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்து, ஊர் வர வர பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் தொடாத வரைபடத்தை இதற்காகத் தேடி எடுப்பார்கள்.

தமிழில் கொடுப்பதா ஆங்கிலத்தில் கொடுப்பதா என்ற கேள்விக்கு என் பதில்: முதலில் தமிழ். கதை பிடித்துவிட்டால் அதே கதையை ஆங்கிலத்தில் கொடுங்கள். என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதால் அகராதி பார்க்காமலே தாவிப் போய்விடுவார்கள். கார்பெட்டின் ஆங்கிலம் எளிமையானது, அதற்குத் தோதானது. ஆங்கிலம் வளரட்டும் என்று எடுத்த எடுப்பிலேயே தடிமனான ஆங்கிலப் புத்தகத்தைத் திணிப்பவர்கள், ஆங்கிலத்தையும் வளர்ப்பதில்லை, வாசிப்பையும் வளர்ப்பதில்லை.

சுருக்கிய பதிப்புகள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ‘புதையல் தீவு’, ‘ராபின்சன் குரூசோ’ போன்றவற்றைச் சுருக்கமாகப் படித்தால் பெரிய நஷ்டமில்லை. குரூசோவின் முழு நூலில் வரும் உபதேசங்களைத் தாண்டிப் போகப் பெரியவர்களே திணறுவார்கள். வேட்டைப் புத்தகத்தைச் சுருக்கக் கூடாது. சுருக்குகிறவர் முதலில் கத்தி வைப்பது காட்டின் வர்ணனையிலும் காத்திருப்பிலும். மிஞ்சுவது ‘புலி வந்தது, சுட்டார், விழுந்தது’ என்பதுதான். முழுப் புத்தகம் கனமாக இருக்கிறது என்று தோன்றினால், முழுப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு கதையைக் கொடுங்கள்.

பழைய புத்தகங்களில் வெள்ளைக்காரத் தோரணை இருக்கும். வேலையாட்களைக் கூப்பிடும் விதம், ‘பயந்தாங்கொள்ளிச் சுதேசிகள்’ என்பது போன்ற பேச்சு, தந்தத்துக்காக யானைகளை வரிசையாகச் சாய்ப்பது எல்லாம் வரும். ஹாகார்டின் ‘சாலமன் மன்னர் சுரங்கம்’ 1885-இல் வந்தது. விறுவிறுப்பில் அதை மிஞ்சுவது கடினம், இந்தத் தோரணையும் அதில் மிகுதி. பதினைந்து வயதுக்கு முன்பு நான் யாருக்கும் அதை எடுத்துக் கொடுத்ததில்லை. அந்தப் பக்கங்களைக் கிழிக்கவோ ஒளிக்கவோ வேண்டாம். ‘சுமை தூக்கியவர் இந்தக் கதையை எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார்?’ என்று கேளுங்கள். நல்ல பதில் வரும். அதற்கு மாற்றாகக் கார்பெட்டின் ‘எனது இந்தியா’வையும் அருகில் வையுங்கள். யுவன் சந்திரசேகர் மொழிபெயர்ப்பு. வேட்டை குறைவு, மனிதர்கள் அதிகம். கொள்ளைக்காரன் சுல்தானாவைத் துரத்தும் அத்தியாயம் எந்தச் சாகசக் கதைக்கும் குறைந்ததல்ல.

பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காமல் புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

நான்கைந்து புத்தகம் படித்த பிறகு பிள்ளை கட்டாயம் கேட்கும்: ‘நாமும் வேட்டைக்குப் போகலாமா?’ முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல், உடும்பு, மயில் எதை அடித்தாலும் குற்றம். இதை மிரட்டலாகச் சொல்லாமல் அடுத்த புத்தகத்துக்கு வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். ஏர்கன்னால் குருவி சுட்ட சிறுவன் சாலிம் அலி, கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்த அந்தக் குருவி என்ன இனம் என்று கேட்கப் போய், பறவையியல் அறிஞராகவே ஆனார். அவருடைய தன்வரலாறு தமிழிலும் உண்டு. உல்லாஸ் காரந்தின் ‘கானுறை வேங்கை’ தியடோர் பாஸ்கரன் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. தானியங்கிக் கேமராவில் விழும் வரிகளை வைத்து ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காணலாம் என்று சொல்லுங்கள். கால்தடத்துக்கு அடுத்த பாடம் அதுதான் என்று பிள்ளை பிடித்துக்கொள்ளும். நம் வைகை பிறக்கும் மலைகளே 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாகிவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புலி எங்கோ குமாயுனில்தான் என்ற நினைப்பு போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரைக்குப் பக்கத்து அரிட்டாபட்டிக்குக் கூட்டிப்போய் மலைக்கு மேலே வட்டமிடும் ராஜாளியைக் காட்டுங்கள். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், பாறை ஒன்பது மணிக்கே கொதிக்கும்.

இன்னொரு புத்தகத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ரஷ்யாவின் கிழக்குக் கோடிக் காடுகளில் நிலம் அளக்கப் போன அர்சேனியெவ், தனக்கு வழிகாட்டிய தெர்சு உஸாலா என்ற முதிய வேட்டைக்காரரைப் பற்றி எழுதியது. தமிழில் வந்திருக்கிறது. ஒரு குடிசையில் தங்கிவிட்டுக் கிளம்பும்போது, அடுத்து வரப்போகும் முன்பின் தெரியாத ஆளுக்காகத் தெர்சு விறகும் உப்பும் கொஞ்சம் அரிசியும் வைத்துவிட்டுப் போகிறார். சுட்டுத் தள்ளுவதுதான் வேட்டைக்காரன் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. நிதானமான நடை, அதனால் முதல் புத்தகமாகக் கொடுக்காதீர்கள்.

எங்கே வாங்குவது? வாங்குவதற்கு முன் இரவல் எடுங்கள். மதுரை சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் பழைய பதிப்புகளைத் தேடலாம். நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. பிள்ளையை அங்கே அவிழ்த்து விட்டுவிட்டு, நீங்கள் தூரமாய் உட்கார்ந்துகொள்ளுங்கள். எதை எடுக்கிறது, எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்தால் போதும், வாங்க வேண்டிய புத்தகம் தெரிந்துவிடும். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது போனால் எல்லாப் பதிப்பகமும் ஒரே இடத்தில் கிடைக்கும். கூட்டத்தில் பிள்ளையை அவசரப்படுத்தாமல் இருக்க வார நாள் பிற்பகலில் போங்கள்.

பழைய புத்தகக் கடையில் எடுப்பதானால் அட்டை கிழிந்திருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பைண்டு பண்ணிக்கொள்ளலாம். எழுத்து பொடியாக இருந்தால் விட்டுவிடுங்கள். பக்க எண்களைக் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். பழைய புத்தகத்தில் முதலில் கழன்று விழுவது கடைசி ஃபாரம்தான், பதினாறு பக்கம் மொத்தமாகப் போயிருக்கும். புலி விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் நிற்கிற பிள்ளை அன்றிரவு வீட்டில் யாரையும் தூங்க விடாது.